துக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்

இளஞ்செவிச் சான்றுக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். காபியில் சர்க்கரை எவ்வளவு என்பதிலேயே அவர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. பாட்டு விஷயத்தில் மட்டும் எப்படி வரும்? அதனால்தான் அரசாங்கம் அவர்களுக்கு ஓர் இயந்திரத்தைக் கொடுத்திருந்தது.

இயந்திரத்துக்குக் கோப்புகளில் நீளமாக ஒரு பெயர் உண்டு. குழுவில் எல்லோரும் அதைப் 'பிள்ளைகள்' என்றுதான் சொன்னார்கள். வீடு வீடாகப் போய், ஏழு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ளவர்களின் தலையில் ஒரு பட்டையைக் கட்டி, பாட்டுகளைக் கேட்கவைத்து, மூச்சு எங்கே வேகமாகிறது, அன்று இரவு தூக்கம் கெடுகிறதா என்றெல்லாம் பதிவு செய்திருந்தார்கள். அப்படிச் சேர்த்த மூவாயிரம் பதிவுகளிலிருந்து உருவானது அது. புதுப் பாட்டு ஒன்றைப் போட்டால், அந்த மூவாயிரம் பேரும் அதை ஒரு மாதம் கேட்டால் என்ன ஆவார்கள் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும். பச்சை விளக்கு எரிந்தால் பாட்டு பிள்ளைகளுக்குத் தகும். சிவப்பு என்றால் தகாது. மஞ்சள் என்றால் ஐந்து பேரும் உட்கார்ந்து சண்டை போடலாம். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

இயந்திரத்தின் ரசனையைப் பற்றி வெளியில் பல கேலிகள் உண்டு. போன மாதம் ஒரு குடிகாரப் பாட்டுக்குப் பச்சை காட்டிவிட்டது. காரணம், பிள்ளைகளுக்கு அது சலித்துப் போய்விடுமாம். இட்லியைப் பற்றிய பாட்டு ஒன்றுக்குச் சிவப்பு. அதைக் கேட்டவர்கள் கணக்கு வகுப்பில் நினைத்து நினைத்துச் சிரிப்பார்களாம்.

சிவப்பு விழுந்த பாட்டைப் பதினாறு வயது ஆகாதவர்கள் கேட்க முடியாது. கேட்கக் கூடாது என்பதில்லை, முடியாது. பள்ளியில் சேரும்போதே காதில் மாட்டிவிடும் கிளிப், சுற்றிலும் எந்தப் பாட்டு ஒலித்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். தகாத பாட்டென்றால் அந்தச் சத்தத்தை மட்டும் காதுக்குள் போகவிடாமல் தடுத்துவிடும். டீக்கடை ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும், அப்பா தாளம் போடுவார், பக்கத்தில் நிற்கும் மகனுக்கு வடைச் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்கும். கிளிப்பைக் கழற்றினால் பள்ளிக்குத் தகவல் போய்விடும். பெற்றோர் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

மாதங்கி அந்தக் குழுவில் பெற்றோரின் பிரதிநிதி. அதிகம் பேசமாட்டாள். கணவன் குருபரன் போன பிறகு இன்னும் குறைவு.

அன்று வந்த ஆல்பத்தின் பெயர் 'தெருமுனை வரைக்கும்'. பாடியவள் மணலி ரேவா, இருபத்திரண்டு வயது. லாரியில் அடிபட்டுச் செத்துப்போன அண்ணனுக்காக அவளே எழுதி, கானாவும் கிடாருமாகக் கலந்து பாடிய ஒன்பது பாட்டுகள். கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் அதற்குள் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விடலாமா என்பதுதான் குழுவின் கேள்வி.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டைப் போடுவதற்கு முன்னால் வரிகளை மெட்டில்லாமல் யாராவது வாசிக்க வேண்டும். மெட்டு ஆளை மயக்கிவிடும் என்று தலைவர் டாக்டர் சிதம்பரநாதன் கொண்டுவந்த ஏற்பாடு அது. இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் சுடர்க்கொடிதான் எப்போதும் வாசிப்பாள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போவாள்.

"பைக்கு சாவி ஆணியில தொங்குது, பெட்ரோல் போட யாரு போவா. தெருமுனை வரைக்கும் நான் வந்தேன் அண்ணா, மீதித் தூரம் யாரு வருவா."

மாதங்கி பேனாவைக் கீழே வைத்தாள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தெருமுனை திரும்புகிற வரை பின்னால் போய், அங்கேயே நின்றுவிட வேண்டும். ஐப்பசி மாதத்து மழையில் குருபரனைத் தூக்கிக்கொண்டு போனபோது மாதங்கி அதுவரையாவது போனாள். பதிமூன்று வயது மகள் மகிழினியைப் பெரியப்பா அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "பொம்பளப் புள்ள, இதுக்கு மேல வரக் கூடாதும்மா" என்றார். அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து மாதங்கி பார்த்தபோதும் அதே இடத்தில், அதே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழவில்லை.

சுடர்க்கொடி வாசித்து முடித்தபின் பாட்டைப் போட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே மாதங்கி உடைந்துவிட்டாள். அலுவலகத்தில், ஐந்து பேர் நடுவில், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தலைவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி அவள் பக்கம் வைத்தார். ஒன்பது பாட்டும் முடிந்தபோது அவளுக்கு, எட்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. மகிழினி இதைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"பிள்ளைங்க என்ன சொல்றாங்க?" என்று தலைவர் கேட்டார்.

சுடர்க்கொடி திரையைத் திருப்பிக் காட்டினாள். நல்ல சிவப்பு.

"தூக்கம் கெடும், பயப்படுவாங்க, அப்பா அம்மாவ விட்டு ஸ்கூலுக்குப் போக மாட்டாங்கன்னு வருது சார். எல்லா வயசுப் பிரிவுலயும் அப்படித்தான்."

"அப்ப வேற பேச்சே இல்ல" என்றார் தலைவர். "மாதங்கி, உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு தெரியுதும்மா. எனக்குமே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா நாம பெரியவங்க. திங்கக்கிழமை கையெழுத்து போட்டுடுவோம்."

*

வீட்டில் மகிழினி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், தட்டில் போட்டால் சாப்பிடுவாள். பள்ளியில் மதிப்பெண் குறையவில்லை. அழுதால் சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து உறவுக்காரர்கள் ஆளாளுக்கு அவளை அழவைக்கக் கிளம்பினார்கள். அத்தை குருபரனின் சட்டையைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "அழுடி, என் கண்ணு, அழுதுடு" என்று தானே அழுதாள். மகிழினி அந்தச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மேல் மாடி ஜோவிதா ஒருத்திதான் அவளை அழச் சொல்லாதவள். ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவளுடைய அப்பா ஆல்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மேலே உட்கார்ந்து பார்த்த கப்பல்களைப் பற்றியெல்லாம் ஜோவிதா கதை சொல்லுவாள். அதில் பாதி பொய் என்று மகிழினிக்கும் தெரியும்.

அன்றும் ஜோவிதா ஒரு எவர்சில்வர் டப்பாவில் முறுக்கைப் போட்டுக்கொண்டு வந்து தின்றபடி பேசிக்கொண்டிருந்தாள். டப்பாவின் மூடியில் இளஞ்செவிச் சான்றுக் குழுவின் முத்திரை இருந்தது. மாதங்கி அதையே பார்த்தாள்.

"இது ஏதுடி உனக்கு?"

"தை மாசம் வந்தாங்களே ஆன்ட்டி, தலையில பட்டை கட்டிப் பாட்டு போட்டாங்களே. அதுக்குக் குடுத்தாங்க. எல்லாருக்கும் குடுத்தாங்க."

"நமக்குக் குடுக்கல" என்றாள் மகிழினி. யாரும் கேட்காமல் அவள் பேசியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. "நம்ம கதவு வரைக்கும் வந்துட்டு, ஏதோ பேசிக்கிட்டு, திரும்பிப் போயிட்டாங்க. நான் ஓட்டை வழியாப் பாத்தேன்."

*

திங்கட்கிழமை குழு கூடியதும் மாதங்கி சுடர்க்கொடியைத்தான் முதலில் கேட்டாள்.

"தை மாசம் எங்க ஃப்ளாட்ஸுக்கு உங்க ஆளுங்க வந்தாங்க. பிள்ளைங்க இருக்கற எல்லா வீட்டுக்கும் போயிருக்காங்க. எங்க வீட்டை மட்டும் ஏன் விட்டாங்க?"

சுடர்க்கொடி சங்கடப்பட்டாள். "மேடம், அப்ப உங்க வீட்டுல மூணு மாசம்தானே ஆயிருந்தது."

"அதனால?"

"தட்டுல மஞ்சள் குங்குமம், வெத்தல பாக்கு, டப்பா எல்லாம் வெச்சு எடுத்துட்டுப் போவாங்க மேடம். அப்பதான் வீட்டுக்காரங்க சந்தோஷமா உள்ள விடுவாங்க. வருஷம் திரும்பாத துக்க வீட்டுல போய் அந்தத் தட்டை எப்படி நீட்டறது? மனசு கஷ்டப்படும்ல?"

"அப்படின்னு ரூல் இருக்கா?"

"யாரும் எழுதல. இதெல்லாம் சொல்லித் தரணுமா மேடம்? மரியாதைக்குத்தான் திரும்பியிருப்பாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வருஷத்துலேருந்தே இப்படித்தானா?"

"நான் சேர்ந்த நாளா இப்படித்தான் சார்."

"அப்ப அந்த மூவாயிரம் பிள்ளைங்கள்ல..."

"புதுசா ஒரு சாவைப் பாத்த பிள்ளை ஒண்ணுகூட இருக்காது சார்."

"பாத்தீங்களா?" என்றாள் மாதங்கி. "வயித்து வலின்னா என்னன்னே தெரியாதவங்ககிட்ட போய் மருந்து எப்படி இருக்குன்னு கேட்டுட்டிருக்கோம். கசக்குதுன்னுதான் சொல்லுவாங்க. என் பொண்ணுக்கு இந்தப் பாட்டு வேணும் சார். அவ எட்டு மாசமா அழல."

சிதம்பரநாதன் நல்ல மனிதர். பிள்ளைகளின் மனநோய்க்கு முப்பது வருடம் வைத்தியம் பார்த்தவர். தப்பு என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கம் கிடையாது. "துக்கப்பட்ட பிள்ளைங்களையும் சேர்த்துப் பாப்போம்" என்றார். "ஆனா எந்தத் தாய் இதுக்குப் பிள்ளையை அனுப்புவா?"

"நான் அனுப்பறேன்" என்றாள் மாதங்கி.

*

குழுவின் அனுமதியோடு கிளிப்பைக் கழற்றிவைத்துவிட்டு, பாட்டு கேட்கும் அறைக்குள் மகிழினி தலையில் பட்டையோடு உட்கார்ந்தாள். மாதங்கி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. பெண் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். 'மீதித் தூரம் யாரு வருவா' என்ற வரியில் அவள் கை எழுந்து காற்றில் எதையோ பிடிப்பது போலப் போனது. பிடிக்க அங்கே கம்பி இல்லை. வாய் கோணியது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. மகிழினி கைக்குழந்தையாக இருந்த காலத்துக்குப் பிறகு மாதங்கி கேட்டிராத சத்தம்.

"ஏறுது மேடம், ரொம்ப ஏறுது" என்று சுடர்க்கொடி திரையைப் பார்த்துப் பதறினாள். "நிறுத்திடவா?"

"தொடாத."

கடைசிப் பாட்டு முடிந்தபோது திரையில் இருந்த கோடு இறங்கி, தொடங்கிய இடத்துக்கும் கீழே போய் நின்றது. மகிழினி வெளியே வந்தாள். கண்ணும் மூக்கும் வீங்கியிருந்தன.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

எட்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் சோறு அது. அலுவலகத்து எதிரே இருந்த கடையில் அவள் மூன்று பரோட்டா தின்பதை மாதங்கி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. துக்க வீடுகளுக்கும் ஆட்கள் போனார்கள். தட்டு எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, துக்கம் விசாரித்துவிட்டு, பிறகு கேட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் சரி என்றார்கள். அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் எல்லாம் பச்சை. பழைய மூவாயிரம் பேரைக் கேட்டால் இன்னமும் சிவப்பு.

"ரெண்டுமே உண்மைதான்" என்றார் தலைவர். "துக்கப்பட்டவங்களுக்கு மருந்து, மத்தவங்களுக்கு பயம். அப்ப துக்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும் திறந்துவிடுவோம். பெத்தவங்க இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினா, நாம கிளிப்பைத் திறந்துவிடறது."

மாதங்கிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னொரு வரிசையா சார்? நான் ஏற்கனவே பேங்குல நின்னேன், கேஸ் கம்பெனில நின்னேன், அவர் போன் நம்பரை நிறுத்தறதுக்குக்கூட நின்னேன். ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் அந்தக் காகிதத்தை நீட்டி, 'ஆமாங்க, செத்துட்டாரு, ஆமாங்க, செத்துட்டாரு'ன்னு சொன்னேன். பிள்ளை ஒரு பாட்டு கேக்கறதுக்கும் அதைச் சொல்லணுமா? எந்தப் பொம்பளையும் அந்த வரிசையில நிக்கக் கூடாது. தானா திறக்கற மாதிரி செய்யுங்க."

"செய்யலாம் சார்" என்றாள் சுடர்க்கொடி. "இப்ப டாக்டர் கையெழுத்து போட்ட நிமிஷமே ஆஸ்பத்திரியில இறப்பு பதிவாயிடுது. பதிவுல பிள்ளைங்க பேரும் இருக்கும். அதோட கிளிப்பை இணைச்சுட்டா போதும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"மத்தப் பிள்ளைங்களுக்கும் என்னைக்காவது தேவைப்படுமே?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"அன்னைக்கு அவங்களுக்கும் தானா திறந்துக்கும்."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இந்த அலுவலகத்திலிருந்து இவ்வளவு கருணையோடு ஓர் உத்தரவு போனதில்லை என்று தலைவர் சொன்னார். ஐந்து பேரும் ஒரே கருத்தாகக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. ஆல்பத்தின் சான்றில், 'துக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று அச்சாகியது.

*

மகிழினி மெல்ல மெல்ல மீண்டாள். பள்ளி விட்டு வந்ததும் ஹால் ஸ்பீக்கரில் ரேவாவைப் போட்டுவிடுவாள். சில நாள் அழுவாள், சில நாள் கூடவே பாடிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். ஜோவிதா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஃபேன் சுற்றும் சத்தம்தான் கேட்கும். மகிழினி பாடினால்கூட அவள் காதுக்கு வராது. உதடு அசைவது தெரியும், அவ்வளவுதான். அதனால் மகிழினி வரிகளை மெட்டில்லாமல் சும்மா பேசிக்காட்டுவாள். பேச்சை கிளிப் தடுக்காது. நாளாக நாளாக ஜோவிதாவுக்கு ஒன்பது பாட்டின் வரிகளும் மனப்பாடம் ஆகிவிட்டன. மெட்டு மட்டும் தெரியாது.

"எப்படித்தான்டி இருக்கும்? மேல போகுமா, கீழ வருமா?" என்று நச்சரிப்பாள். மகிழினி கையை ஏற்றி இறக்கிக் காட்டுவாள்.

"ஆன்ட்டி, நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க? எனக்கும் திறக்கச் சொல்லுங்களேன். எனக்கு எப்பத்தான் திறக்கும்?"

"உனக்கு இப்ப திறக்கவே வேணாம்" என்று மாதங்கி சட்டென்று சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "பதினாறு வயசானா தானா திறக்கப் போகுது. என்ன அவசரம்?" என்றாள்.

ஜோவிதா உதட்டைப் பிதுக்கினாள். மகிழினிக்கு மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று தனக்கு இல்லையே என்ற பொறாமை அவளுக்கு. பதிமூன்று வயதில் அது இருக்கத்தானே செய்யும்.

புரட்டாசி மாதத்தில் ஜோவிதாவின் அப்பா ஆல்வினுக்கு வயிற்று வலி வந்தது. சாதாரண வலி என்று சேர்த்தவரை, கணையம் வீங்கியிருக்கிறது என்று தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தாள். ஜோவிதாவை மாதங்கி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். தினமும் ஸ்டெல்லா போனில் பேசுவாள். "அப்பா நல்லா இருக்காருடா, கஞ்சி குடிச்சாரு" என்பாள். அவர் கண் திறந்தே நான்கு நாள் ஆகியிருந்தது. மாதங்கிக்கு அது தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாதங்கி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஹாலில் இருந்தார்கள். ரேவா மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தார்.

"அக்கா, முடிஞ்சுடுச்சு. இப்பதான். அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

மாதங்கி ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயோ... ஸ்டெல்லா?"

"மயக்கத்துல இருக்கு. நான் கூட்டிட்டு வரேன். புள்ளைகிட்ட இப்ப எதுவும் சொல்லிடாதீங்கக்கா. அவ அம்மா வந்து பக்குவமா சொல்லட்டும். அதுவரைக்கும் ஏதாவது சாப்பிட வெச்சுடுங்க. அப்புறம் சாப்பிடாது."

நம் வீடுகளில் சாவை யாரும் நேராகச் சொல்வதில்லை. 'கொஞ்சம் சீரியஸ்' என்போம், 'உடனே கிளம்பி வா' என்போம். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் என்றால் இன்னும் தள்ளிப்போடுவோம். மாதங்கியும் அப்படித்தான் நினைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தோசையைத் திருப்பிப் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் இந்தப் பெண் அப்பா உள்ளவளாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஹாலிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"மகி! ஏய் மகி! எனக்குக் கேக்குதுடி!"

மாதங்கி தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினாள்.

ஜோவிதா சோபாவின் மேல் ஏறி நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆன்ட்டி, என் கிளிப் ரிப்பேர் ஆயிடுச்சு போல! பாட்டு கேக்குது! ஐயோ, என்னா குரல்! நீ கையைக் காட்டின மாதிரி இல்லவே இல்லடி, இது வேற மாதிரி போகுது!"

மகிழினி எழுந்து நின்றாள். அவள் ஜோவிதாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். மாதங்கியின் முகத்தில் என்ன இருந்ததோ, அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்பீக்கரை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாத! யாராவது வந்து சரி பண்றதுக்குள்ள முழுசா கேட்டுடறேன். ப்ளீஸ்டி."

யாரும் நிறுத்தவில்லை. ஜோவிதா சோபாவிலிருந்து இறங்கி ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வரிகள் எல்லாம் தெரியும் அல்லவா, கூடவே பாட ஆரம்பித்தாள். முதலில் சத்தமாக, மெட்டு பிடிபட்ட சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டு பாடினாள். மகிழினி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோவிதா அந்தக் கையைப் பார்த்தாள். மகிழினியைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் தோசை தீய்ந்து புகை வருவதையும், அதை அணைக்காமல் நிற்கும் மாதங்கியையும் பார்த்தாள்.

'தெருமுனை வரைக்கும் நான் வந்தேன்' என்ற இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. ரேவா மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

மாதங்கி அவளிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அணைத்துக்கொள்ளக் கை நீட்டியவளுக்கு அந்தப் பெண்ணைத் தொடவே கூசியது. எந்தப் பெண்ணும் வரிசையில் நின்று சொல்லக் கூடாது என்று கேட்டவள் மாதங்கிதான். கேட்டபடியே ஆகியிருந்தது. ஸ்டெல்லா இன்னும் வந்து சேரவில்லை, வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை, அதற்குள் கிளிப் வழியாகப் பிள்ளைக்குச் செய்தி வந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. ஜோவிதா பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாதங்கி ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"எங்க அம்மா வந்து சொல்லுவாங்களா?"

"ஆமாண்டா."

ஜோவிதா மூடியிருந்த வாசல் கதவைப் பார்த்தாள். "அப்ப நான் தெரியாத மாதிரி இருக்கறேன் ஆன்ட்டி. பாட்டுல தெரிஞ்சுக்கிட்டேன்னா அம்மா ரொம்ப அழுவாங்க."

மாதங்கி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம், வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தமும், நான்கைந்து பேர் பேசாமல் நடந்து வரும் சத்தமும் கேட்டன. அழைப்பு மணி அடித்தது. மகிழினி ஸ்பீக்கரை அணைத்தாள். ஜோவிதா எழுந்து முகத்தை இரண்டு கையாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அம்மா, அப்பா இன்னைக்குக் கஞ்சி குடிச்சாராம்மா?" என்று கேட்டாள்.